வராதவர்களைத் தேடிப் போங்கள்



சென்ற இதழில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை காற்பந்து பற்றி எழுதப் போகிறேன். "வாத்தியாருக்கு என்ன ஆயிற்று?" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இதுவும் ஒரு பாடம்தான்.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெலுத்தோங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்து பார்த்தால் என் பழைய மாணவன் நிற்கிறான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவன் அம்மா கொடுத்தனுப்பியது. பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் நான் வேலை செய்யும் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். அவன் அப்பா செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர். பையன் இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன். எந்தப் பல்கலைக்கழகம், பையனின் பெயர் என்ன என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் காற்பந்துக் கழகத்தில் இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன் என்று தெரிந்தால் போதும்.

பசியாறிக்கொண்டே பேசினோம்.

"சார், போன ஆட்டத்துக்கு எத்தனை பேரு பார்க்க வந்தாங்க தெரியுமா? முப்பத்தோரு பேரு. அதிலே பன்னிரண்டு பேரு எதிர்க்குழுவோட பஸ்ஸிலே வந்தவங்க."

"நீ ஆடினாயா, இல்லை எண்ணிக்கொண்டிருந்தாயா?"

"ரெண்டும்தான் சார். எண்ணுற அளவுக்குத்தானே இருந்தாங்க."

சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கழகத்தின் செயலவையில் கூட்டம் சேர்க்கும் பொறுப்பை இவனிடம் கொடுத்திருக்கிறார்களாம். சுவரொட்டி ஒட்டியிருக்கிறான். கைப்பேசியில் எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான். டீ-சட்டை பரிசு என்று குலுக்கல் கூட வைத்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை.

"இப்படியே போனா அடுத்த வருஷம் கழகத்துக்குக் காசு ஒதுக்க மாட்டாங்க சார். யாரும் பார்க்காத குழுவுக்கு எதுக்குச் செலவுன்னு கேட்கிறாங்க. நீங்கதானே நம்ம பள்ளிக்கூடத்திலே வருகையைக் கூட்டினவர்? ஒரு வழி சொல்லுங்க."

நான் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். "உன் அப்பா உன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாரா?"

பையன் தட்டைப் பார்த்தான். "இல்லே சார். கூப்பிட்டேன். 'அது படிச்சவங்க இருக்கிற இடம், நான் வந்து எங்கே நிக்கிறது'ன்னு சொல்லிட்டாரு."

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என் மனத்தை விட்டுப் போகவில்லை.

பதிவேடு சொல்லித் தந்த பாடம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், திங்கட்கிழமை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இருபத்து மூன்று பேர் இருக்க வேண்டிய வகுப்பில் எட்டு, ஒன்பது பேர் வரமாட்டார்கள். சம்பளம் போட்ட மறுநாள் இன்னும் மோசம்.

நான் என்ன செய்தேன்? காலை ஒன்றுகூடலில் வந்திருந்த பிள்ளைகளை நிற்க வைத்து, வராதவர்களைத் திட்டினேன்! பெற்றோருக்குக் கடிதம் எழுதினேன். சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினேன். ஓராண்டு இப்படிக் கழிந்தது. பதிவேட்டில் சிவப்பு மையில் போட்ட வட்டங்கள் குறையவே இல்லை.

எங்கள் பள்ளியில் அப்போது ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். "தம்பி, வந்த பிள்ளைங்ககிட்டே வராத பிள்ளைங்களைப் பத்திப் பேசி என்ன புண்ணியம்? போய்ப் பாருங்க" என்றார். அன்று மாலையே வீடு வீடாகப் போனேன். ஒரு பையனுக்குக் காலணி பிய்ந்து போயிருந்தது. ஒரு பெண் பிள்ளை, அம்மா வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொருவனைப் பள்ளி வேன்காரர் இரண்டு மாதப் பாக்கிக்காக ஏற்றவில்லை. இன்னொருவன் சொன்னதுதான் என்னைச் சுட்டது: "நான் வரலேன்னா யாருக்கு சார் தெரியப் போகுது?"

அதற்கு அடுத்த வாரம் ஒரு பந்து வாங்கினேன். திங்கட்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன் இருபது நிமிடம் ஆட்டம். ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் ஒரு தலைவன். தன் வரிசைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. ஆள் குறைந்தால் அவன் குழுதான் குறைவான ஆட்களோடு ஆட வேண்டும். காலணிக்கும் வேன் பாக்கிக்கும் பெற்றோர் சங்கத்தில் பேசி வழி செய்தோம். அந்த ஆண்டு முடிவதற்குள் திங்கட்கிழமை விடுபடுவோர் இரண்டு பேருக்கு வந்துவிட்டார்கள்.

பந்து மட்டும் அவர்களை இழுத்து வரவில்லை. நான் வராவிட்டால் ஒருவன் என்னைத் தேடுவான் என்ற எண்ணம் இழுத்து வந்தது. பள்ளிக்கூடமானாலும் கோயில் திருவிழாவானாலும் காற்பந்துத் திடலானாலும் மனிதன் தன்னைத் தேடுகிற இடத்துக்குத்தான் போவான். தேடாத இடத்துக்குச் சுவரொட்டியைப் பார்த்து வரமாட்டான்.

நான் போகாத ஆட்டம்

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெலுத்தோங்கிலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் குளுகோர். அங்கேதான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், யு.எஸ்.எம். என்று நாம் சொல்வது. 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கியிருந்த மிண்டன் முகாம் பிறகு அதன் வளாகமாயிற்று. வேலை பார்த்துக்கொண்டே தொலைக்கல்வி வழியாகப் பட்டம் பெறும் வழியை 1971-லேயே திறந்துவிட்ட பல்கலைக்கழகம் அது. தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேர் அந்த வழியில் படித்துப் பட்டதாரிகள் ஆனார்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு காற்பந்துக் கழகம் இருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நாட்டின் பிரிமியர் லீக்கில் ஆடியது. அதாவது சூப்பர் லீக்குக்கு அடுத்த படியில். மாநிலக் குழுக்களும் இராணுவம், போலீஸ் குழுக்களும் ஆடுகிற இடத்தில், நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று தன் பெயரைப் போட்டுக்கொண்டு இறங்கியது. இது சின்னக் காரியமா?

அந்தக் குழு இப்போது தேசிய லீக்கில் இல்லை. ஒரு கழகம் லீக்கை விட்டுப் போவதற்குப் பணம், நிர்வாகம், ஆட்டக்காரர் என்று பல காரணங்கள் இருக்கலாம். பார்வையாளர்களை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் உண்மையைச் சொல்கிறேன். அப்போதும் நான் ஜெலுத்தோங்கில்தான் இருந்தேன். தினமும் அந்த வேலியைக் கடந்துதான் பாலத்துக்குப் போனேன். ஓர் ஆட்டத்துக்குக் கூட நான் போகவில்லை.

ஏன் போகவில்லை? பந்து பிடிக்காது என்பதால் அல்ல. பினாங்குக்காரனுக்குப் பந்து பிடிக்காமல் போகுமா? 1974-இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்ற கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் நாட்டுக் குழுவில் எம். சந்திரன் இருந்தார், பினாங்கு அண்ணன் தம்பிகள் நாமாட் அப்துல்லாவும் ஷஹாருடின் அப்துல்லாவும் இருந்தார்கள் என்று என் அப்பா பெருமையோடு சொல்வார். நீண்ட கைகளை வீசிப் பந்தைப் பிடித்த கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியது. நம் காலத்திலும் 2016 பிப்ரவரியில், இதே தீவின் சிட்டி ஸ்டேடியத்தில், பினாங்கு ஆட்டக்காரர் ஃபாயிஸ் சுப்ரி பகாங்குக்கு எதிராக அடித்த கோலை மறக்க முடியுமா? வளைந்து வளைந்து போன அந்தப் பந்துக்குத்தான் மறு ஆண்டு உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது கிடைத்தது.

அப்படியிருந்தும் பல்கலைக்கழகக் குழுவின் ஆட்டத்துக்கு நான் போகவில்லை. "அது மாணவர்களுக்காக நடக்கிற ஆட்டம்" என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் படிக்காத எனக்கு அந்த வாசல் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. என் மாணவனின் அப்பா சொன்னதும் நான் நினைத்ததும் ஒன்றுதான். அவர் வாய்விட்டுச் சொன்னார்; நான் சொல்லவில்லை. அவ்வளவே வித்தியாசம்.

பல்கலைக்கழகக் குழுவுக்கு ஊர் எது?

மாநிலக் குழுவுக்கு ஊர் இருக்கிறது. பினாங்கு ஆடினால் தாத்தா போவார், மகன் போவான், பேரனும் போவான். பல்கலைக்கழகக் குழுவுக்கு அப்படி இல்லை. மாணவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் இருப்பார்கள். ஆட்டக்காரர் பெயர்கள் மனத்தில் பதியும்போது பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். விடுமுறை வந்தால் வளாகமே காலி. தேர்வு வந்தால் எல்லாரும் நூலகத்தில். மாணவர்களில் பாதிப்பேர் வேறு மாநிலத்தவர்; அவர்கள் மனம் சொந்த ஊர்க் குழுவிடம் இருக்கும். ஆகவே மாணவர்களை மட்டும் நம்பிய குழு, வெட்டினால் வேர் விடாத கிளையைப் போன்றது.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஷா ஆலாமின் யுஐடிஎம் கழகம் 2020-இல் சூப்பர் லீக்குக்கு ஏறியது. கோவிட் காரணமாகப் பதினோரு ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில், பன்னிரண்டு குழுக்களில் ஆறாவதாக வந்தது. மாணவப் பையன்கள் நிறைந்த குழுவுக்கு அது பெரிய சாதனை. ஆனால் பார்த்துக் கைதட்ட ஆளில்லை. தொற்று பரவிய காலமாதலால் பல ஆட்டங்கள் கதவை மூடிக்கொண்டுதான் நடந்தன. 2021-இல் கீழே இறங்கியது. 2023-இல் சூப்பர் லீக் தொடங்கியபோது அதில் அந்தப் பெயர் இல்லை.

நம்மவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் வளர்த்த குழு ஒன்று, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை மட்டும் இறக்கி, பெரிய குழுக்களோடு மோதியது. 2022-க்குப் பிறகு அதுவும் லீக்கை விட்டு விலகிவிட்டது. விலகிய பிறகு, "அடடா, நம்ம குழு போச்சே!" என்று தேநீர்க் கடையில் வருத்தப்பட்டவர்களை நான் பார்த்தேன். "எத்தனை ஆட்டத்துக்குப் போனீங்க அண்ணே?" என்று ஒருவரைக் கேட்டேன். தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி அவர் எழுந்து போய்விட்டார்.

பல்கலைக்கழகக் குழு என்றாலே இப்படித்தான் ஆகும் என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோ நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பூமாஸ் என்று ஒரு குழு இருக்கிறது. அதன் திடல் 1952-இல் திறக்கப்பட்டது. 1968 ஒலிம்பிக்கின் தொடக்க விழா அங்கேதான் நடந்தது. பல் மருத்துவம் படித்த ஹூகோ சாஞ்செஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் அந்தக் குழுவில் வளர்ந்தவர்தான். ஈக்குவடோர் நாட்டில் பல்கலைக்கழகக் கழகமாகத் தொடங்கிய எல்.டி.யூ. என்ற குழு, 2008-இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் பிரேசில் குழுவையே தோற்கடித்துத் தென் அமெரிக்கக் கண்டத்தின் கிண்ணத்தைத் தூக்கியது. இந்தக் குழுக்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் பட்டதாரிகளா? இல்லை. வகுப்பறைக்குள் காலடி வைக்காதவர்களும் அது எங்கள் குழு என்றுதான் சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் வாசலைத் திறந்தது; ஊர் உள்ளே வந்தது. ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

மாணவனுக்குச் சொன்னவை

பையனிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, எழுதிக்கொள்ளச் சொன்னேன். உங்கள் பிள்ளைகளின் குழுவுக்கும் உதவலாம் என்பதால் இங்கேயும் தருகிறேன்.

ஒன்று: வராதவர்களைப் பட்டியல் போடு. வந்த முப்பத்தோரு பேரை எண்ணிப் பயனில்லை. வந்திருக்க வேண்டியவர்கள் யார்? பதினெட்டு ஆட்டக்காரர்களின் குடும்பம் வந்தாலே ஐம்பது, அறுபது பேர். உன் விடுதித் தோழர்கள், உங்களுக்குச் சமைக்கிற அக்காமார்கள், தோட்டக்காரர், பாதுகாவலர், பக்கத்துத் தாமானில் இருப்பவர்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் போய், "ஏன் வரலே?" என்று கேள். கோபமாகக் கேட்காதே, தெரிந்துகொள்வதற்காகக் கேள்.

இரண்டு: சொல்லுகிற காரணத்தைச் சரிசெய். செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு ஆட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? வார இறுதியில் வைக்க முடியுமா என்று கேள். பஸ் எத்தனை மணி வரை ஓடுகிறது என்று பார். பெண்கள் உட்கார நிழலும் சுத்தமான கழிவறையும் இருக்கிறதா? ஓர் அம்மா வந்தால் மூன்று பிள்ளைகள் வருவார்கள். அம்மா முகம் சுளித்துப் போனால் நால்வரும் திரும்ப வரமாட்டார்கள்.

மூன்று: சுவரொட்டி ஒட்டாதே, ஆளை அனுப்பு. நாலு ஆட்டக்காரர்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பந்து உதையுங்கள். தமிழ்ப்பள்ளிக்கும் போங்கள், சீனப்பள்ளிக்கும் போங்கள், தேசியப் பள்ளிக்கும் போங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பிள்ளைகள் ஆட்டக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு திடலுக்குள் நடக்கட்டும். நடக்கிற பிள்ளையைப் பார்க்காமல் எந்தப் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள்?

நான்கு: சத்தம் வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் உறுமி மேளம் அடித்துத் தெருவை அதிரவைக்கும் நம் பையன்கள், மற்ற நாளில் என்ன செய்கிறார்கள்? முறைப்படி அனுமதி வாங்கி அவர்களைக் கூப்பிடு. மலாய்க்காரப் பையன்களின் கொம்பாங்கும் சிங்க நடனக்காரர்களின் மேளமும் சேரட்டும். கச்சாங் பூத்தே விற்கிறவரும் வரட்டும். திருவிழா நடக்கும் இடத்துக்குக் கூட்டத்தை யாரும் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதில்லை.

ஐந்து: வந்தவரின் பெயரைத் தெரிந்துகொள். முதல் தடவை வருகிறவர் விருந்தாளி. இரண்டாம் தடவை அவர் வரும்போது, "வாங்க அண்ணே, போன ஆட்டத்துக்கு வந்தீங்களே, தம்பி வரலையா?" என்று கேட்டுவிட்டால், மூன்றாம் தடவை அவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவார்.

தோற்றால் என்ன செய்வது என்று பையன் கேட்டான். "தோற்றாலும் கடைசி வரை ஓடு. மோட்டாரில் இருபது மைல் வந்தவர் அதைத்தான் பார்க்க வந்திருக்கிறார்" என்றேன்.

வாசலைத் தாண்டிய நாள்

பட்டியலில் முதல் பெயர் அவன் அப்பாவுடையது. அதை அவனால் தனியாகச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமே தோட்டத்துக்கு அவர் வீட்டுக்கு நானே போனேன்.

"அண்ணே, நானும் இதுவரைக்கும் அங்கே போனதில்லே. தனியாப் போக எனக்கும் கூச்சமா இருக்கு. நீங்க வந்தா நானும் வருவேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வாத்தியாருக்கே கூச்சமா?" என்றார். பிறகு சிரித்துவிட்டார்.

பள்ளி வேனைப் பேசினோம். தலைக்கு எட்டு வெள்ளி. அண்ணன், அக்கா, அவர்களுடைய மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், என் வகுப்புப் பிள்ளைகள் ஐவர், அவர்களின் பெற்றோர் என்று பதினான்கு பேர். அக்கா புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அண்ணன் பேசவில்லை. தீபாவளிச் சட்டையைப் போட்டிருந்தார்.

வாசலில் பாதுகாவலர் வேனை நிறுத்தினார். அண்ணன் இருக்கையில் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டார். பையன் முன்கூட்டியே கொடுத்திருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பாதுகாவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். நம்மவர்தான். "எந்தத் தோட்டம் அண்ணே?" என்றார். அண்ணன் சொன்னார். "அடடே, எங்க மாமா அங்கேதான் மரம் வெட்டினாரு! போங்க, போங்க. பையன் யாரு, மூணாம் நம்பரா? நல்லா ஓடுவான்." அந்தப் பேச்சில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டத்தில் நம் பையன் குழு ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமல்லவா? வாத்தியார் புத்தி போகாமல் நானும் எண்ணினேன்: நூற்று நாற்பத்தாறு பேர். அரங்கம் நிரம்பவில்லை. பாதிக்கு மேல் காலிதான். ஆனால் வந்தவர்களில் பல வீட்டு அம்மாக்கள், அப்பாக்கள், தாத்தாக்கள் இருந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பாட்டி பேரனின் பெயரைச் சொல்லி விடாமல் கூவிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் புளிச்சாதம் கொடுத்தார். அவர் அக்காவுக்குக் குவே கொடுத்தார்.

அண்ணன் முதல் பாதி முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் மோதிப் பையன் கீழே விழுந்தான். அண்ணன் எழுந்து நின்றார். காட்டில் நூறு மரத்துக்கு அப்பால் இருக்கிறவனைக் கூப்பிடும் அதே குரலில், "டேய், எழுந்திரிடா!" என்று ஒரு சத்தம். திடலில் இருந்த இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் எழுந்துவிட்டான். எழாமல் இருக்க முடியுமா?

ஆட்டம் முடிந்ததும் பையன் வியர்வையோடு வந்து நின்றான். தோற்ற முகம். அண்ணன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்கேடா உட்கார்ந்து படிக்கிறே? அந்த இடத்தைக் காட்டு" என்றார்.

அப்பாவும் மகனும் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். நூலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அண்ணன் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படிவத்தில் படிக்கும் அவர் மகள் அண்ணனின் பக்கத்தில் நின்றுகொண்டு, "இங்கே சேர எஸ்.பி.எம்.மில் எவ்வளவு எடுக்கணும் அண்ணா?" என்று தன் அண்ணனைக் கேட்டாள்.

அன்பு வாசகர்களே, இதற்காகத்தான் ஒரு பந்து விளையாட்டைப் பற்றி இவ்வளவு எழுதினேன். பல்கலைக்கழகம் நம் வரிப்பணத்திலும் நடக்கிற இடம். நம் பிள்ளைகள் படிக்கிற இடம். அதன் வகுப்பறைக்குள் நாம் போக முடியாது. ஆனால் திடலுக்குப் போகலாம். அங்கே சான்றிதழ் கேட்கமாட்டார்கள். கைதட்டத் தெரிந்தால் போதும். ஒரு தடவை அந்த வாசலைத் தாண்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு, அது அந்நிய இடமாகத் தெரியாது.

அந்தக் கழகத்துக்கு அடுத்த ஆண்டு காசு கிடைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. முயற்சி நடக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வேன் போகலாமா என்று அண்ணன் என்னைக் கேட்டிருக்கிறார்.

உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ பள்ளிக்காக, கல்லூரிக்காக, பல்கலைக்கழகத்துக்காக எங்காவது ஆடிக்கொண்டிருப்பான், ஆடிக்கொண்டிருப்பாள். அடுத்த ஆட்டம் எப்போது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள். இதுவரை போகாத ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.